சிவப்பு மூடி, வெள்ளை மூடி

கொங்காவலை, மாத்தளை
10.01.2001, புதன்

வெள்ளவத்தைக் கடலுக்குப் புதிதாக வந்து சேர்ந்த மீனாகிய மீனாம்பிகைக்கு,

பெரியம்மா வீட்டில் கடற்காற்று வாங்கிக்கொண்டு கணக்கு டியூஷனுக்குப் போகிற உனக்கு என் நிலைமை எங்கே விளங்கப் போகிறது? ஓ.எல். பரீட்சை முடிந்ததிலிருந்து எனக்கு வேலையும் இல்லை, வெட்டியும் இல்லை. உம்மா பார்த்தார். இரண்டையும் சேர்த்து வெங்காயம் வெட்டும் வேலையாகத் தந்துவிட்டார்.

தப்ப ஒரே வழி செவ்வாய்க்கிழமைதான். உன் அப்பா ரிவர்ஸ்டன் மலைக்குப் போக எங்கள் வாப்பாவின் வேனைத்தானே அவருடைய அரசாங்கக் கந்தோரில் வாடகைக்குப் பேசியிருக்கிறார்கள். நானும் பின் சீட்டில் தொற்றிக்கொள்கிறேன். சுற்றுச்சூழலைக் கவனிக்கிற உன் அப்பாவின் பதவிக்குப் பெயர் சுற்றாடல் உத்தியோகத்தர். அந்த ரோட்டில் சுற்றுவது அவர், ஆடுவது வேன்.

நீ வராத இந்த மூன்று மாதத்தில் அங்கே ஒன்றும் மாறவில்லை. ரத்தோட்டை தாண்டி வளைந்து வளைந்து ஏறி, ஒளிபரப்புக் கோபுரத்துக்குக் கீழே இராணுவச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டை காட்டி, வேலியடித்த அந்தச் சின்ன வளவுக்குள் போகிறோம். நடுவில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு வாளி, வாளியில் ஏழு நாள் சேர்ந்த ஒரு கிழமை மழை. மாரியம்மன் இருக்கிற ஊரில் மாரியையே வாளியில் பிடித்து வைக்கிற ஒரே ஆள் உன் அப்பாதான். வாளியிலிருந்து இரண்டு போத்தல் நிரப்புகிறார். சிவப்பு மூடி, குலுக்கிக் கழுவிக் கொட்ட. வெள்ளை மூடி, வைத்துக்கொள்ள. கந்தோர் பிரிட்ஜ் செத்துப்போய் நாலு மாதம். ஆகையால் வெள்ளை மூடியெல்லாம் எங்கள் வீட்டு பிரிட்ஜில், மீனுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. (உன்னைச் சொல்லவில்லை.)

நேற்று ஒரு வேலை செய்தேன். அவர் வேலியோரம் போய் நின்று, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். என் சோற்றுப் பார்சலில் அரைத் தேசிக்காய் இருந்தது. சிவப்பு மூடியைத் திறந்தேன். பிழிந்தேன். மூடினேன். கொட்டுவதற்கு முன் அவர் போத்தலை மூக்கில் வைத்துப் பார்ப்பாரே, அந்த நேரத்து முகத்தைப் பார்க்கத்தான்!

ஆனால் மனுஷன் மணக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. மூடியை இன்னும் ஒரு தரம் இறுக்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "போவம் ஸக்கரியா" என்று வாப்பாவைக் கூப்பிட்டார். கந்தோரில் கொட்டியிருப்பார் போல. அரைத் தேசிக்காய் நட்டம்.

இறங்கும்போது நல்ல மழை. வேனை நிறுத்தச் சொல்லி, இறங்கி வாயை ஆவென்று திறந்து நின்றேன். வாப்பா ஏசினார். உன் அப்பா ஏசவில்லை. "விடுங்கோ ஸக்கரியா. குடி பிள்ளை, குடி. இந்த நாட்டில இதைவிடச் சுத்தமான தண்ணி உனக்குக் கிடைக்காது" என்றார். வயிறு குளிரக் குளிரக் குடித்தேன்.

கையெல்லாம் தேசிக்காய் மணக்க,
ஜெஸீமா


வெள்ளவத்தை
15.01.2001

குரங்கு ஜெஸீ,

உன் கடிதத்தைப் பெரியம்மாவுக்கு முன்னால் வாசித்தது என் பிழை. சிரிப்பை அடக்க முடியவில்லை. "பொங்கிப் போட்டு நேத்துத்தான் பானைய இறக்கினம், இந்தப் பிள்ளை இண்டைக்குச் சிரிச்சே வழியுது" என்றார் பெரியம்மா. அவருடைய பெயர் தங்கேஸ்வரி என்றாலும் தங்கமாக ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்கவில்லை. இந்தப் பகிடி உன்னிடமிருந்து எனக்குத் தொற்றியது.

அப்பாவின் முகத்தை நீ பார்க்காவிட்டாலும் நான் பார்த்துவிட்டேன், இங்கிருந்தே. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மணந்து, பிறகு கொப்பியில் எழுதுவார்: "மணம் உண்டு."

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். அந்த வாளி அவருக்கு விளையாட்டு இல்லை. எட்டு நாடுகள் சேர்ந்து ஓர் உடன்பாடு செய்திருக்கின்றன. ஒரு நாட்டில் எழும்பும் புகை இன்னொரு நாட்டில் மழையாக விழுகிறது, ஆகையால் எல்லாரும் தங்கள் தங்கள் மழையைப் பிடித்துப் பார்க்க வேண்டும், ஒருவருக்கொருவர் மறைக்கக் கூடாது என்று. அழுக்கு மழை எது என்று கண்டுபிடிக்க முதலில் சுத்தமான மழை ஒன்று தெரிய வேண்டுமாம். அதற்கு ரிவர்ஸ்டன்தான் சரி என்று இரண்டு வருஷம் கடிதம் மேல் கடிதம் எழுதி, அந்த வளவை வாங்கியது அப்பா. "அதுதான் எங்கட அளவுகோல்" என்பார். சாப்பாட்டு மேசையில் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன்!

சிவப்பு மூடிதானே, கொட்டியிருப்பார். நான் அவருக்குச் சொல்லவில்லை. வெள்ளை மூடியை மட்டும் தொட்டுவிடாதே. தொட்டால் நானே வந்து உன்னை அந்த வாளிக்குள் போடுவேன்.

இங்கே தமிழ் ஆட்கள் வெளியில் போனால் பொலிஸ் பதிவுத் துண்டையும் கொண்டுபோக வேண்டும். டியூஷனுக்குப் போகவும் அது வேண்டும். கடல் மட்டும் பதிவு கேட்பதில்லை.

உன்,
மீனா


வெள்ளவத்தை
21.02.2001

ஜெஸீமா,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இடையில் நிறுத்தினால் என்னால் எழுத முடியாது.

அப்பாவை 12ஆம் திகதி கொழும்புக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எதற்கென்று அவருக்கே தெரியாது. பெரியம்மா வீட்டில்தான் தங்கினார். மூன்றாம் நாள்தான் என்னிடம் சொன்னார்.

ஜனவரியிலிருந்து விதி மாறியிருக்கிறது. சிவப்பு மூடி இனிக் கழுவிக் கொட்டுவதற்கு இல்லை. அரக்கு முத்திரை வைத்து, கையெழுத்துப் போட்டு, சென்னையில் ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதற்கு. ஒரு நாட்டின் மழையை மற்ற நாடு சோதிக்க வேண்டுமாம், அப்போதுதான் யாரும் பொய் சொல்ல முடியாதாம். புதிய சுற்றறிக்கை. அதை உனக்கும் எனக்கும் அவர் ஏன் சொல்ல வேண்டும்?

ஜனவரி மாதத்து முதல் நான்கு சிவப்பு மூடிகளும் சென்னைக்குப் போயிருக்கின்றன. அங்கிருந்து முடிவு வந்திருக்கிறது. ஒன்றில் பழச்சாறு. மற்ற மூன்றில் பழம் இல்லை. கந்தக அமிலம்.

ஜெஸீமா, நான்கிலும் அமிலம்.

"இலங்கையிலேயே சுத்தமான மலை என்று நீரே எழுதினீர். நாலு போத்தலும் புளிக்குது. முத்திரை உம்முடையது. பக்கத்து நாட்டின் மேல் பழி போடக் கலந்தீரா?" என்று கேட்டார்களாம். அப்பா சொன்னது ஒரே பதில்: "நான் ஒண்டும் கலக்கேல்லை." அதோடு முடிந்திருந்தால் வேலை மட்டும்தான் போயிருக்கும். யாரோ ஒருவர் கேட்டிருக்கிறார், கந்தக அமிலம் எங்கே கிடைக்கும் என்று. பெட்டறிக் கடையில். யுத்தம் நடக்கிற நாட்டில் பெட்டறி அசிட் ஒரு தமிழ் ஆளுக்கு எதற்கு? அதுவும் ஒவ்வொரு செவ்வாயும் கோபுரத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கொப்பியில் எழுதுகிற ஆளுக்கு?

சனிக்கிழமை காலை சிவில் உடுப்பில் பொலிஸ்காரர் இரண்டு பேர் வந்தார்கள். அப்பா இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவ விட்டார்கள். கொப்பியை எடுத்துக்கொண்டார்கள். வாசலில் என்னிடம் திரும்பிச் சொன்னார்: "செவ்வாய்க்கிழமை ஆராவது வாளியை மாத்தோணும், பிள்ளை." அவ்வளவுதான் சொன்னார். இன்றைக்கு ஐந்தாம் நாள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

பழச்சாறு எந்தப் பழம் என்று எனக்குத் தெரியும். உன் கடிதத்தில் அதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன் என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போது சொல். நான்கும் நீயா?

மீனாம்பிகை


கொங்காவலை, மாத்தளை
24.02.2001

மீனா,

ஒன்று. ஒன்றே ஒன்று. வல்லாஹி, ஒன்றுதான். இரண்டாவது கிழமைப் போத்தல், அரைத் தேசிக்காய், அதற்குமேல் ஒரு துளி இல்லை. மற்ற மூன்றையும் நான் தொடவில்லை.

உன் கடிதம் நேற்றுப் பதினொரு மணிக்கு வந்தது. வாசித்துவிட்டு வெங்காயக் கத்தியோடு முன் அறைக்குப் போய் நின்றேனாம். எனக்கு நினைவில்லை. "கத்திய வை மகள்" என்று வாப்பா சொன்னது மட்டும் நினைவு. எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறு வருஷத்தில் வாப்பா எனக்குக் கை நீட்டியதில்லை. நேற்று நீட்டினார். அடித்துவிட்டு அவர்தான் அழுதார்.

பிறகு வேனில் ஏற்றிக்கொண்டு நேரே உன் அப்பாவின் கந்தோருக்குப் போனார். நடந்ததைச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அங்கிருந்த பெரியவர் வாசித்தார். அவர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை.

"சரி, இது ஒண்ணு. மத்த மூணும் யாரு?"

"தெரியாது சேர்."

"அப்ப இவரு தானே?"

நான் உண்மையைச் சொன்னதில் உன் அப்பாவுக்குப் பழச்சாறு கழிந்தது, அசிட் மிஞ்சியது. பகிடிக்கு ஆள் கிடைத்துவிட்டது. இனி மிச்சத்துக்கு அவர் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா வேனின் பெட்டறியைக் கழற்றிப் பார்த்தார். போத்தல் பெட்டி வைக்கிற இடத்துக்குக் கீழேதான் அது இருக்கிறது. "தெறிச்சிருக்குமோ" என்று இரண்டு பேரும் நிலத்தில் படுத்து டோர்ச் அடித்துத் தேடினோம். மீனா, எனக்கு எப்படி ஆசையாக இருந்தது தெரியுமா, ஒரு வெடிப்பாவது இருக்கட்டும் என்று! இல்லை. பெட்டறி புதுசு. மூடிய போத்தலுக்குள் அது எப்படிப் போகும்? பின்னேரம் பொலிஸில் வாப்பாவையும் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். எந்தக் கடையில் பெட்டறி வாங்கினாய், எப்போது வாங்கினாய் என்று.

அவர் வீட்டுக்குத் திரும்பி வந்து உட்காரும்போது உம்மா குசினியிலிருந்து கத்தினார். "அந்த வெள்ள மூடியெல்லாம் எடுக்கச் சொல்லுங்க, பிரிட்ஜில மீன் வைக்க இடமில்ல!"

நானும் வாப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒவ்வொரு கிழமையும் அதே வாளியிலிருந்து எடுத்த மற்றப் போத்தல். உன் அப்பா மூடி சுற்றிப் பேப்பர் ஒட்டி, திகதி போட்டு, கையெழுத்து வைத்தபடியே இருக்கிறது. ஒன்றும் உடையவில்லை. நீ தொடாதே என்று எழுதினாயே, நான் தொடவில்லை. உலகத்தில் நீ சொல்லி நான் கேட்ட ஒரே விஷயம் அதுதான்.

உம்மா இப்போது மீனை வெளியில் வைத்திருக்கிறார். பூனை சந்தோஷமாக இருக்கிறது. வேறு யாரும் இல்லை.

ஜெஸீமா


வெள்ளவத்தை
28.02.2001

ஜெஸீமா,

ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறாய். நம்பவா விடவா என்று எனக்கே தெரியவில்லை. போன வருஷம் விளையாட்டுப் போட்டி அன்று பாடசாலை மணியின் நாக்கைக் கழற்றியதும் நீ இல்லை என்றுதான் சொன்னாய்.

பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், எனக்கு ஜனவரியிலேயே தெரியும் என்பதையும் சேர்த்து. ஏசுவார் என்று நின்றேன். அவர் ஏசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அன்றைக்கு நான் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் போத்தல் கப்பலேறியே இருக்காது. அதனால் உன்னை ஏசும்போதெல்லாம் பாதி ஏச்சு எனக்குத்தான் விழுகிறது.

திங்கட்கிழமை அப்பாவைப் பார்க்கப் பத்து நிமிஷம் விட்டார்கள். மெலிந்துபோனார். அடித்தார்களா என்று கேட்டேன். அவர் வேறு கேள்வி கேட்டார். "வெள்ளை மூடியள் பத்திரமோ?"

"ஜெஸீமா வீட்டு பிரிட்ஜில இருக்கு அப்பா."

"அப்ப காணும். எனக்கு அது போதும்."

தேசிக்காய் விஷயத்தையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் ஜனவரியில் எழுதியது போலவே. பிறகு, "அப்ப மற்ற மூண்டும்?" என்றார். அவருக்கும் அதே கேள்விதான், ஜெஸீமா. அவருக்கே தெரியவில்லை.

ஒரு செய்தி. மார்ச் 5ஆம் திகதி கண்டியில் அந்த எட்டு நாட்டுக்காரர்களின் கூட்டம். அப்பாவின் போத்தல்களைச் சோதித்த சென்னைக்காரரும் வருகிறாராம். முத்துவீரன் என்று பெயர். நான் கொழும்பை விட்டு வர முடியாது, இங்கே ஒவ்வொரு நாளும் ஒரு கந்தோர் வாசலில் நிற்கிறோம். நீ அவரைப் பார். எப்படிப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியாது. பாடசாலை அதிபரின் அறைக்குள் தவளை விட வழி கண்டுபிடித்தவள்தானே நீ.

மீனாம்பிகை


கொங்காவலை, மாத்தளை
07.03.2001

மீனா,

நேற்று எங்களுக்கு ஹஜ்ஜுப் பெருநாள். நான் ரிவர்ஸ்டனில் இருந்தேன். இதை மூச்சு விடாமல் எழுதுகிறேன், நீயும் அப்படியே வாசி.

திங்கட்கிழமை நானும் வாப்பாவும் மீன் வைக்கிற ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு வெள்ளை மூடிகளை அடுக்கிக்கொண்டு கண்டிக்குப் போனோம். கூட்டம் நடக்கிற ஹோட்டல் வாசலில் காவல்காரன், "என்ன பெட்டி?" என்றான். "மீன்" என்றேன். குசினி வாசலைக் காட்டினான். அப்படித்தான் உள்ளே போனோம். தேநீர் நேரத்தில் ஒல்லியாக, சட்டைப் பையில் நாலு பேனையோடு நின்றவர்தான் முத்துவீரன்.

"சார், நீங்க கண்டுபிடிச்ச பழச்சாறு நான்தான்" என்றேன்.

மேலிருந்து கீழே பார்த்தார். "நீயாம்மா அது? எலுமிச்சையா, சாத்துக்குடியான்னு எங்க லேப்ல பெட்டே கட்டினாங்க."

"தேசிக்காய்."

"அப்படின்னா?"

"எலுமிச்சை."

"அப்ப நான் ஜெயிச்சேன்" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். உன் அப்பா பதினேழு நாளாக உள்ளே இருக்கிறார் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. அவர் அனுப்பியது ஒரு தாளில் நாலு வரி. அந்த நாலு வரிக்கு ஓர் ஆளைப் பிடிப்பார்கள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. கையிலிருந்த தேநீர்க் கோப்பையை வைக்க இடம் தேடிக் கடைசியில் வாப்பாவிடம் கொடுத்தார்.

வெள்ளை மூடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பேப்பரும் கையெழுத்தும் அப்படியே. பிறகு திறந்து, ஒரு சின்னக் கடதாசித் துண்டை ஒவ்வொன்றிலும் தோய்த்து, நிறத்தை எங்களுக்குக் காட்டாமல் பைக்குள் வைத்துக்கொண்டார். கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. "வேன்காரன் வீட்டு மீனோட கிடந்த போத்தல்லாம் சாட்சியா?" என்றார்.

"சரி சார்" என்றார் முத்துவீரன். "அப்ப நானே மேல போயி நானே பிடிக்கிறேன்."

அப்படித்தான் நேற்றுக் காலை வேன் நிறைய ஆட்கள். முத்துவீரன், குடைக்காரர், உன் அப்பாவின் கொப்பியைச் சாட்சியென்று பையில் போட்டுக்கொண்டு வந்த ஒரு பொலிஸ்காரர், வாப்பா, நான். உம்மா பெருநாள் வட்டிலப்பத்தைப் பார்சல் கட்டித் தந்து, "இந்த முறை ஒண்ணுக்குள்ளயும் ஒண்ணையும் போட்ராத" என்றார்.

மேலே வானம் வெளுத்துக் கிடந்தது. மாரி முடிகிற காலம். ஒரு மணி நேரம் நின்றோம். குடைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எத்தனையோ ஸலவாத்து ஓதிவிட்டேன். பதினொன்றரைக்குப் பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி வந்தது. பின்னாலேயே மழை.

முத்துவீரன் சென்னையிலிருந்து கொண்டுவந்த போத்தலை எடுத்தார். தான் பிடிக்கவில்லை. பொலிஸ்காரரிடம் கொடுத்து, முத்திரையை உடைத்து மழையில் நீட்டிப் பிடிக்கச் சொன்னார். பாவம் மனுஷன், அரை மணி நேரம் நனைந்தார். "மொகத்த மே வெடே" என்று முணுமுணுத்தார், இதென்ன வேலை என்று. யாரும் அவருக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்பது சட்டம். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றேன்.

முதலில், கொண்டுவந்த சுத்தத் தண்ணீரில், அமிலம் பட்டால் சிவக்கிற கடதாசி ஒன்று. மஞ்சளாகவே நின்றது. பிறகு பொலிஸ்காரரின் போத்தலில் ஒன்று.

மீனா, அது மஞ்சளாக நிற்கவில்லை. ஓரத்திலிருந்து செம்மஞ்சள் ஏறியது. நாங்கள் பார்க்கப் பார்க்க ஏறியது. பொலிஸ்காரர் தன் கையைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார், பிறகு மேலே பார்த்தார். மற்ற மூன்றையும் யார் செய்தது என்று நாங்கள் இரண்டு வாரமாகத் தேடினோமே, வேனுக்குக் கீழே படுத்துத் தேடினோமே. யாரும் இல்லை, மீனா. மழைதான். மழையே அப்படித்தான் விழுகிறது.

முத்துவீரன் அந்தக் கொப்பியைக் கேட்டார். நனையாமல் வேனுக்குள் வைத்துப் புரட்டினார். ஒவ்வொரு செவ்வாயும் உன் அப்பாவின் கோழிக்கால் எழுத்து: வடகிழக்கு, வடகிழக்கு, வடகிழக்கு. கடலைத் தாண்டி வருகிற காற்று. அவரைப் பிடிக்கக் காரணமாயிருந்த பக்கங்களே அவை.

"எங்க பக்கத்துக் கரிப் புகையும் இதுல இருக்கலாம்" என்றார் மெதுவாக. பேனையை எடுத்தார்.

குடைக்காரருக்குத் தாங்கவில்லை. "உங்க நாட்டுக்கு எதிரா நீங்களே எழுதப் போறீங்களா?"

"நான் கெமிஸ்ட் சார், அம்பாசடர் இல்ல. முதல்ல அனுப்புன தாளுல 'கலப்படம்'னு ஒரு வார்த்தை எழுதிட்டேன். ஒரு பாட்டில்ல எலுமிச்சையப் பார்த்துட்டு மத்ததையும் சேர்த்து எழுதினது என் தப்பு. அதத்தான் முதல்ல அடிக்கணும்."

மூன்று பிரதி எழுதினார். பொலிஸ்காரர் சாட்சிக் கையெழுத்து வைத்தார். குடைக்காரரும் வைத்தார், கடைசியாக. உன்னுடைய பிரதி இதனுள் இருக்கிறது. பெரியம்மாவிடம் கொடு, சட்டத்தரணியிடம் கொடு, வாசலில் நிற்கிற எல்லாரிடமும் கொடு.

வட்டிலப்பம் யாரும் சாப்பிடவில்லை.

ஜெஸீ


வெள்ளவத்தை
16.03.2001

ஜெஸீ,

அப்பா வந்துவிட்டார். புதன்கிழமை பின்னேரம். வேலையும் திரும்பக் கிடைக்கிறது, கடிதம் வந்திருக்கிறது. அதில் மன்னிப்பு என்ற சொல் இல்லை. "மேலதிக தகவல் கிடைத்தமையால்" என்றுதான் இருக்கிறது. இரண்டு நாடும் சேர்ந்து நான்கு இடங்களில் வாளி வைக்கப் போகிறார்களாம், புகை எங்கெங்கிருந்து வருகிறது என்று பார்த்து ஒரு திட்டம் போட. தங்கள் பக்கத்துப் புகையையும் எண்ண வேண்டும் என்று முத்துவீரன் எழுதியிருக்கிறாராம்.

பெரியம்மா அப்பாவைத் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிக்க வைத்து, கோழிக் கறி சமைத்தார். நான் முத்துவீரனின் தாளை அப்பாவின் கையில் கொடுத்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். வாசித்தார். மறுபடி வாசித்தார். அந்த இருபத்தாறு நாளிலும் இல்லாத ஒரு முகம் வந்தது. சோற்றில் கை வைத்தபடியே இருந்தார்.

"பெட்டறி அசிட்டா இருந்திருக்கலாம்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "என்னப்பா?"

"நான் கலந்ததா இருந்திருந்தா, என்னை உள்ள போட்டா நிண்டிருக்கும்."

கையும் கழுவாமல் எவ்வளவோ நேரம் இருந்தார். கோழிக் கறியை நான்தான் எடுத்து மூடி வைத்தேன், ஜெஸீ.

உன்மேல் கோபமா என்று கேட்காதே. இருக்கிறது. ஆனால் மீன் என்று சொல்லி ஹோட்டலுக்குள் நுழைந்த கதையைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தப் பிள்ளைய ஒருக்கா இங்க கூட்டிக்கொண்டு வா" என்றார். அடிக்கவா, சோறு போடவா என்று சொல்லவில்லை.

அப்பா மாத இறுதியில் மாத்தளைக்கு வருகிறார். வேனில் ஏறுவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

மீனா


கொங்காவலை, மாத்தளை
04.04.2001

மீனு,

ஏறினேன். நேற்று. முன் சீட்டில் உன் அப்பா, பின் சீட்டில் நான். ரத்தோட்டை வரைக்கும் ஒரு பேச்சில்லை. வாப்பாகூட ரேடியோ போடவில்லை. நான் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது இதுவே முதல் தடவை, வேன் பழுதாகிவிட்டது என்று வாப்பா நினைத்திருப்பார்.

சாவடியில் கொப்பியைத் திறந்து பார்த்தார்கள். உன் அப்பா தானே பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மேலே போய் வாளியைக் கழற்றினார். சிவப்பு மூடி, வெள்ளை மூடி. என்னை ஏசுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். ஏசினால் நல்லது என்று இருந்தது. ஒன்றரை மாதமாக ஒரு மன்னிப்பை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன், சிலேடை ஒன்றும் இல்லாமல்.

"அங்கிள், நான்..."

"ஜனவரி ஒன்பதாம் திகதி" என்றார் அவர், கொப்பியைப் பார்த்துக்கொண்டே. "திரும்பி வரேக்க மழையில நிண்டனி. எத்தினை மிடறு குடிச்சனி?"

அவர் அவ்வளவு நாள் உள்ளே இருந்து அதைத்தானா நினைத்துக்கொண்டிருந்தார்? அவர் குடி என்று சொன்ன தண்ணீரை நான் எவ்வளவு குடித்தேன் என்றா?

"தெரியாது அங்கிள். நிறைய. ஒண்ணும் ஆகல்ல எனக்கு."

"உனக்கு ஒண்டும் ஆகாது. தேசிக்காய்த் தண்ணியை விட அது புளிப்புக் குறைவு." பேனையை மூடினார். "நீ வீட்டை போய்க் கிணத்துத் தண்ணி குடிப்பாய். இதுகளுக்கு வேற தண்ணி இல்லை."

வேலிக்கு வெளியே கையைக் காட்டினார். அந்தக் குட்டை மரங்கள், மீனு. நாம் தாடிக்காரத் தாத்தாமார் என்று பெயர் வைத்தோமே, கிளையெல்லாம் சாம்பல் பச்சையாகப் பாசி தொங்கும் என்று. எத்தனை செவ்வாய் அதற்குப் பக்கத்தில் நின்று சோறு தின்றிருக்கிறேன். நேற்றுத்தான் பார்த்தேன். காற்று வருகிற பக்கம் இருக்கிற மரங்களில் தாடி இல்லை. வடகிழக்குப் பக்கம் முழுக்க மொட்டையாக, சவரம் செய்தது போல. ஒரு மரம் மட்டும் இல்லை. ஒரு வரிசை.

போத்தல் நிரப்பி முடித்து, அவர் அரக்கை உருக்கினார். சிவப்பு மூடியை என் கையில் வைத்து, "இறுக்கிப் பிடி" என்றார். பிடித்தேன். என் விரலில் ஒரு சொட்டு விழுந்து கொப்புளித்திருக்கிறது. இந்தக் கடிதத்தை அந்த விரலோடுதான் எழுதுகிறேன்.

இறங்கும்போது மழை பிடித்தது. வாப்பா பழக்கத்தில் வேனை நிறுத்தினார். நானும் பழக்கத்தில் இறங்கினேன். முகத்தை மேலே தூக்கினேன்.

அதிபர், ஆசிரியர், உம்மா, வாப்பா, நீ, எல்லாரும் முயற்சி செய்து முடியாத ஒன்று அங்கே நடந்தது, மீனு. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஜெஸீமா